அந்தப் பொத்தானை யார் அழுத்துவது?



கடந்த ஆண்டு தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஹட்டனுக்கு அருகே உள்ள ஒரு தோட்டத்தின் சனசமூக நிலையத்துக்குப் போயிருந்தேன். மார்ச் 8ஆம் திகதி மகளிர் தின நிகழ்ச்சிக்காக மூன்று பெண் பிள்ளைகள் அங்கே ஓர்கன் பழகிக்கொண்டிருந்தார்கள். அந்த ஓர்கன் யாரோ நல்ல மனம் படைத்தவர்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கென அன்பளிப்புச் செய்தது. ஆனால், அது துணியால் மூடப்பட்டு அலுமாரிக்குள்ளேயே இருக்கும். அலுமாரியின் திறப்பு இளைஞர் கழகத்துத் தம்பி ஒருவரிடம் இருக்கும். ஞாயிறு தோறும் இரண்டு மணித்தியாலம் மட்டும் அது பெண் பிள்ளைகளுக்கு.

மூவரில் மூத்தவள் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, நகரத்தில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறாள். அவள் தன் அம்மாயி பாடும் தாலாட்டு ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தாள். கைக்காசுக் கொழுந்துக்குப் போய்விட்டுத் திரும்பிய அம்மாயியும் வாசற்படியில் குந்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் தலையை ஆட்டினார்.

"என்னா புள்ள இது, மாடிப்படியில எறங்குற மாதிரி டக்கு டக்குன்னு நிக்குது? நாங்க பாடையில அப்புடியா நிக்கும்? வழிஞ்சில்ல போகும்!"

பிள்ளையின் முகம் வாடிவிட்டது. "மிஸ், சுரம் எல்லாம் சரியாத்தான அடிக்கிறேன்?" என்று என்னைப் பார்த்தாள். சுரம் சரிதான். அம்மாயி சொன்னதும் சரிதான்.

திறப்பு வைத்திருந்த தம்பி சிரித்தார். "மிஸ், இது சினிமாப் பாட்டுக்கும் இங்கிலிஸ் பாட்டுக்கும் செஞ்ச சாமான். அம்மாயி பாட்டெல்லாம் இதுல வராது. புள்ளைங்க கோட்ஸ் புடிச்சிக்கிட்டு இருந்தாப் போதும், லீட நாங்க பாத்துக்குறோம். கண்ட பட்டன அமுக்குனா செட்டிங் மாறிப்போகும்."

அவர் கெட்ட மனிதர் அல்லர். தன்னுடைய காசில் அந்த ஓர்கனுக்கு வயர் வாங்கிப் போட்டவர். ஆயினும் அவர் சொன்ன அந்த மூன்று வாக்கியங்களையும் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு கதைக்க விரும்புகின்றேன். இந்தச் சாமான் எங்கள் பாட்டுக்கு ஆகாது, பெண் பிள்ளைகளுக்குப் பின்பாட்டுப் போதும், பொத்தானைத் தொடாதே. மூன்றுமே பிழை என்பதை அந்த ஓர்கனே எங்களுக்குக் காட்டித் தந்தது.

பாட்டு யாரிடம் இருக்கின்றது?

மலையகத்தில் தாலாட்டும், ஒப்பாரியும், கும்மியும், கொழுந்து மலையில் பாடும் பாட்டும் பெரும்பாலும் பெண்களின் வாயில்தான் வளர்ந்தன. சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் இப்பாடல்களைத் தேடித் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கினார். அதற்கும் முன்னர், 1930களிலும் 1940களிலும் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தோட்டத் தொழிலாளரிடையே பாடிப் பாடியே அவர்களைத் தட்டியெழுப்பினார். ஆகவே பாட்டு எமக்குப் பொழுதுபோக்கு மட்டுமன்று.

நூலில் ஏறியவை வார்த்தைகள். இராகமும், ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குக் குரல் வழிந்து போகும் அந்த நெளிவும் தாளில் ஏறுவதில்லை. அவை அம்மாயிமாரின் தொண்டையில்தான் இருக்கின்றன. இன்று எமது பிள்ளைகள் இசை என்று முதலில் தொடுவது ஓர்கனைத்தான். கோயிலில், தேவாலயத்தில், பாடசாலையில், எங்கும் அதுதான். அம்மாயியின் பாட்டு ஓர்கனில் வராவிட்டால், பிள்ளைகள் அந்தப் பாட்டையே விட்டுவிடுவார்கள். இதனை நான் பல தோட்டங்களில் கண்டிருக்கின்றேன்.

படிக்கட்டு ஏன் வந்தது?

ஓர்கனின் ஒவ்வொரு கட்டையும் ஒரு படி. ச முதல் மேல் ச வரை 12 படிகள். இரண்டு படிகளுக்கு இடையே எதுவும் இல்லை. வீணையில் கம்பியை இழுக்கலாம். நாதஸ்வரத்தில் மூச்சையும் உதட்டையும் கொண்டு சுரத்தை அசைக்கலாம். கட்டையில் விரலை எப்படி அசைத்தாலும் சுரம் அசையாது.

இது புதிய சண்டையன்று. ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியத்தை 1940ஆம் ஆண்டு அகில இந்திய வானொலி தன் ஒலிபரப்பிலிருந்தே விலக்கி வைத்தது. எமது இசையின் கமகத்தை அதனால் தர முடியாது என்பது சொல்லப்பட்ட முக்கிய காரணங்களில் ஒன்று. அந்தத் தடை 1971ஆம் ஆண்டில்தான் தளர்ந்தது. ஏறத்தாழ 31 வருடம்! எமது அம்மாயி வாசற்படியில் இருந்து சொன்னதைத்தான் அன்று பெரிய வித்துவான்களும் சொன்னார்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். ஒரு பொருளைச் செய்தவரின் பழக்கவழக்கம் அந்தப் பொருளிலும் படிந்திருக்கும் என்பது அங்கு நான் கற்றுக்கொண்ட விடயங்களில் ஒன்று. ஓர்கன் கடையிலிருந்து வரும்போது பல சுரங்களை ஒன்றாகப் பிடிக்கும் மேற்கத்திய இசைக்குத் தோதாகத்தான் வருகின்றது. ஆனால் ஆர்மோனியத்துக்கும் ஓர்கனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஓர்கன் மின்சாரத்தால் இயங்குவது. அதன் பழக்கத்தை ஓரளவு மாற்றலாம். அதற்கான பொத்தான் அதிலேயே இருக்கின்றது.

கையேட்டில் கண்டது

பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமலேயே ஆங்கிலக் கையேடு கிடந்தது. அன்று நாங்கள் நால்வரும் தரையில் உட்கார்ந்து, தெரிந்த சொல்லைக் கூட்டிக் கூட்டி வாசித்தோம். முதலில் ஒரு குழப்பம். 'வொய்ஸ்' என்றால் புல்லாங்குழல், வயலின் என்று நாம் தெரிவு செய்யும் ஓசையையும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரே நேரத்தில் எத்தனை சுரம் ஒலிக்கும் என்பதையும் வொய்ஸ் என்றே கணக்கிடுகிறார்கள். இங்கே நான் சொல்ல வருவது இரண்டாவதை, அதாவது குரல்களின் எண்ணிக்கையை.

'பொலி' என்பது ஒரு முறை. ('போலி' என்று வாசித்துவிடாதீர்கள்!) களத்தில் நெல் அளக்கும்போது "பொலி, பொலி" என்பார்களே, அதைப் போலப் பல என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பல கட்டைகளை அழுத்தினால் பல குரல் கேட்கும். கோட்ஸ் பிடிக்க இதுதான் வேண்டும். கடையிலிருந்து வரும் ஓர்கன் இந்த முறையில்தான் இருக்கும்.

'மோனோ' என்பது இன்னொரு முறை. எத்தனை கட்டையை அழுத்தினாலும் ஒரு குரல்தான். தாலாட்டுப் பாடும் தாயைப் போல. ஒருவரால் ஒரே நேரத்தில் இரண்டு சுரம் பாட முடியாதல்லவா?

சில சின்தசைசர்களில் 'யுனிசன்' என்று மூன்றாவது முறையும் உண்டு. பல குரல்கள் சேர்ந்து ஒரே சுரத்தைச் சற்றே முன்பின்னாகப் பாடும். கும்மியில் தலைவி ஓரடி பாட எல்லாரும் வாங்கிப் பாடுவார்களே, அந்தத் தடிப்பு அதில் கிடைக்கும்.

இனி 'கிளைட்'. சில ஓர்கன்களில் இதனைப் 'போர்ட்டமெண்டோ' என்று எழுதியிருப்பார்கள். ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குச் சுரம் தாவாமல் வழிந்து போகச் செய்வது இதுதான். அந்த வழிதலுக்கு எவ்வளவு நேரம் எடுக்கவேண்டும் என்பதையும் நாமே வைக்கலாம். பல ஓர்கன்களில் அந்த அளவு 0 முதல் 127 வரை இருக்கும். 0 என்றால் பழைய படிக்கட்டு. கூடக்கூட சறுக்கல் நீளும்.

மோனோவும் கிளைடும் ஏன் சோடியாகப் போகின்றன என்று பிள்ளைகள் கேட்டார்கள். வழிந்து போவதற்கு, எங்கிருந்து எங்கே என்று தெரியவேண்டும். ஒரு குரல் என்றால் அது தெளிவு. ஐந்து குரல் ஒன்றாக இருந்தால் எது எங்கே போகின்றது என்பது குழம்பிப்போகும். எங்கள் ஓர்கனில் மோனோப் பொத்தானை அழுத்தினால்தான் சறுக்கல் நன்றாகக் கேட்டது.

நாங்கள் பழகிய விதம்

உங்கள் தோட்டத்திலோ பாடசாலையிலோ ஓர்கன் இருந்தால், இப்படிச் செய்து பாருங்கள்.

முதலில் ஊதும், இழுக்கும் வாத்தியங்களின் ஓசையைத் தெரிவு செய்யுங்கள். புல்லாங்குழல், வயலின், அல்லது சின்தசைசர் லீட் ஓசை நல்லது. பியானோ ஓசை வேண்டாம். அது தட்டியதும் தேய்ந்துவிடும்; சறுக்கல் அதில் விகாரமாய்க் கேட்கும்.

இரண்டாவது, கட்டைப் பலகையை இரண்டாகப் பிரித்து, வலது கைப் பகுதிக்கு மட்டும் மோனோ வையுங்கள். இடது கைப் பகுதி பொலியாகவே இருக்கட்டும். அதில் ச, ப இரண்டையும் பிடித்துக்கொண்டால் சுருதிப் பெட்டி தயார்.

மூன்றாவது, கிளைட் நேரத்தை மிகக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். அம்மாயி பாடும்போது காதால் கேட்டு, மெல்ல மெல்லக் கூட்டுங்கள். சில ஓர்கன்களில் கிட்டிய சுரத்துக்கும் எட்டிய சுரத்துக்கும் ஒரே நேரம்தான் எடுக்கும். வேறு சிலவற்றில் தூரம் கூடினால் நேரமும் கூடும். உங்களுடையது எந்த வகை என்பதை அடுத்த கட்டைக்கும் மேல் ச வுக்கும் போய்ப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

நான்காவது, விரல். ஈரக் கல்லின் மேல் நடக்கும்போது முன்காலை ஊன்றிய பிறகுதானே பின்காலை எடுப்போம்? அதுபோல அடுத்த கட்டையை அழுத்திய பிறகுதான் முந்திய கட்டையை விடவேண்டும். இதற்கு 'லெகாட்டோ' என்று பெயர். பல ஓர்கன்களில் இப்படி விரல் சேர்ந்தால்தான் சறுக்கும். விரலை எடுத்துவிட்டு அடித்தால் சறுக்காது. இது குறையன்று, பெரிய வசதி. எங்கே வழியவேண்டும், எங்கே வெட்டி நிறுத்தவேண்டும் என்பதைப் பொத்தானைத் தொடாமல் விரலாலேயே தீர்மானிக்கலாம்.

ஐந்தாவது, பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. ச வை விடாமல் அழுத்திக்கொண்டு, மேலே ரி யைத் தட்டித் தட்டி விடுங்கள். தட்டும்போது குரல் ரி க்கு ஏறும். விட்டதும் தானே ச வுக்கு இறங்கி வரும். வேகமாகத் தட்டினால் கமகம் போன்ற ஓர் அசைவு பிறக்கும். அன்று இந்த அசைவு கேட்டவுடன் அம்மாயி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். "இந்தா, இப்பத்தான் கொஞ்சம் அசையுது" என்றார்.

இடது கைப் பக்கம் சுரத்தை வளைக்கும் சக்கரம் இருந்தால் அதையும் பழகுங்கள். கிளைட் கட்டைக்குக் கட்டை நேராகப் போகும். சக்கரமோ நம் கை போகிறபடி வளையும். வழக்கமாக அது மேலே 2 கட்டை, கீழே 2 கட்டை அளவுக்கு வளைக்கும்.

'செட்டிங் மாறிப்போகும்' என்ற பயத்துக்கும் விடை கையேட்டில் இருந்தது. பெரும்பாலான ஓர்கன்களில் நாம் மாற்றியதைச் சேமிக்காவிட்டால், நிறுத்திப் போட்டதும் பழையபடி வந்துவிடும். மாறாக, வைத்த அமைப்பு வேண்டுமென்றால் நினைவகப் பொத்தானில் பதிந்து வைக்கலாம். எங்கள் ஓர்கனின் முதலாம் இலக்கம் இப்போது தாலாட்டுக்கு. இரண்டாம் இலக்கம் கோட்ஸுக்கு.

எமக்கு முன்னே போனவர்கள்

இந்த யோசனை எமக்கு மட்டும் வந்ததல்ல. 1970இல் அமெரிக்காவில் வெளிவந்த மினிமூக் என்ற சின்தசைசருக்கு இருந்ததே ஒரு குரல்தான். அதில் கிளைடுக்கென்று ஒரு திருகும் இருந்தது. பல குரல் சின்தசைசர்கள் பின்னரே பரவின. அன்று குறையாக இருந்த ஒரு குரலை இன்று வேண்டுமென்றே பொத்தான் வைத்துத் தருகிறார்கள்.

பம்பாயில் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்து வந்த சரண்ஜித் சிங் என்பவர், 1982இல் 10 இராகங்களைச் சின்தசைசரில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அவர் பாவித்தவற்றில் ஒன்று ரோலண்ட் ஜுப்பிட்டர் 8. ஒரே நேரத்தில் 8 குரல் தரும். வேண்டுமானால் ஒற்றைக் குரலாகவும் வைக்கலாம். சுரத்துக்குச் சுரம் வழிந்தும் போகும். இன்னொன்று ரோலண்ட் டிபி 303. அதுவும் சறுக்கும். இராகம் வாசிக்க இந்த வழிதல் அவருக்குக் கைகொடுத்தது. அந்த இசைத்தட்டு அப்போது விலைபோகவில்லை. 2010இல் மீண்டும் வெளியிடப்பட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2015இல் காலமாவதற்கு முன் அந்தப் பெருமையை அவர் கண்ணால் கண்டார்.

நாம் அனைவரும் அறிந்த ஏ. ஆர். ரஹ்மான், 2009இல் வெளிவந்த 'டெல்லி 6' படத்தின் பாடல் ஒன்றில் 'கன்டினியூம்' என்ற கருவியை வாசித்திருக்கிறார். அதில் கட்டைகளே இல்லை. ஒரே பரப்பில் விரலை இழுத்துக்கொண்டே போகலாம்.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஒரு பெண். 1911இல் வில்னியஸ் நகரில் பிறந்த கிளாரா ரொக்மோர். சிறு வயதிலேயே வயலினில் பெயர் எடுத்தவர். பிள்ளைப் பருவத்துப் போசாக்கின்மையால் எலும்பு பலவீனமடைந்து, வயலினைக் கைவிட நேர்ந்தது. அதன் பின் தெரமின் என்ற மின் வாத்தியத்தைக் கையில் எடுத்தார். தொடாமலே, காற்றில் கையை அசைத்து வாசிக்கும் வாத்தியம் அது. அதற்கும் ஒரே குரல். எப்போதும் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதனைச் சரியான இடத்தில் நிறுத்துவதுதான் கஷ்டம். அதைச் சாதித்து உலகப் புகழ் பெற்றார். போசாக்கின்மை என்ற சொல் எமது தோட்டங்களில் எவ்வளவு பழகிய சொல் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் அவர் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

மார்ச் 8

நிகழ்ச்சிக்கு இரு வாரம் முன்பு மீண்டும் அந்தப் பேச்சு எழுந்தது. "புள்ளைங்க தடுமாறிட்டா கழகத்துக்குத்தான் வெக்கம். லீட நாங்களே அடிக்கிறோம்." முன்னைய நாட்களில் அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொள்வாள். அன்று, "அண்ணே, அப்ப இந்தத் தாலாட்ட ஒருதடவ அடிச்சுக் காட்டுங்க" என்றாள். அவர் நன்றாக வாசிப்பவர்தான். ஆனால் பாட்டு அவருக்குத் தெரியாது. அம்மாயியிடம் போய் உட்கார்ந்து கேட்டவள் அவள். கடைசியில் அவரே அலுமாரித் திறப்பில் ஒன்றை வெட்டுவித்து அவளிடம் கொடுத்தார். இதை அவருடைய பெருந்தன்மை என்றே எழுதுகின்றேன்.

நிகழ்ச்சியன்று எல்லாம் சினிமாவில் வருவது போல் நடக்கவில்லை. பதற்றத்தில் முதல் அடியில் விரல் சேரவில்லை, சறுக்கல் வரவில்லை. இரண்டாம் அடியில் சரி செய்துகொண்டாள். அம்மாயி பாட, அவள் பின்தொடர்ந்தாள். பெண்கள் பகுதியில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முடிந்ததும் அம்மாயி சொன்னது: "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த நடுவுல வர்ற எடம் இன்னும் என் தொண்டையில இருக்குற மாதிரி வரல."

அதுவும் உண்மை. கிளைட் போய்ச் சேரும் இடம் எப்போதும் ஒரு கட்டைதான். அம்மாயியின் குரலோ இரண்டு கட்டைகளுக்கு நடுவிலும் நின்று இளைப்பாறும். ஆகவே ஓர்கன் வந்துவிட்டது, இனி அம்மாயி வேண்டாம் என்று எண்ணிவிடலாகாது. அதனால் பிள்ளைகள் இப்போது கைத்தொலைபேசியில் அம்மாயியின் பாட்டுகளைப் பதிவு செய்துவருகிறார்கள். ஓரிடத்தில் அவருக்கு வரி மறந்துபோயிற்று. பக்கத்து லயத்து ஆச்சியிடம் கேட்டு அதையும் சேர்த்தார்கள்.

சகோதரிகளே, உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் தோட்டத்தில் ஓர்கன் இருந்தால், அதன் திறப்பு யாரிடம் இருக்கின்றது என்று விசாரியுங்கள். கையேட்டைத் தேடி எடுங்கள். ஆங்கிலம் என்று பயப்படாமல் நான்கு பேர் சேர்ந்து வாசியுங்கள். உங்கள் மகளைப் பின்பாட்டோடு நிறுத்திவிடாதீர்கள். அவள் வாசிக்கும்போது, பாட்டுத் தெரிந்த மூத்த பெண் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் "வழியல்ல" என்றால், பிள்ளையைத் திட்டாமல் அந்தப் பொத்தானைத் தேடுங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.